ஆளைச் சுத்தியா, ஹாலைச் சுத்தியா?

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "அந்த எக்சிபிஷன்ல ஸ்பீக்கர அம்புட்டையும் வெளிய பாத்து வெச்சுப்புட்டான்யா சங்கிலிப்பாண்டி! பொறவு நடந்ததக் கேளு..." என்று ஆரம்பித்தார். மற்றவர் கேட்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அதற்குள் அவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. நடந்ததைத் தரையில் நின்று பேசி முடித்திருப்பார்கள். பஸ் என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

விசாரித்திருக்கலாம்தான். ஆனால் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். உண்மை தெரிந்துவிட்டால் அப்புறம் கதை எழுத என்ன இருக்கிறது? என்னுடைய சோம்பலுக்கு நான் வைத்திருக்கும் மரியாதையான பெயர் இது.

(ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, ராஜபாளையம் என்றால் நாய் என்று காத்திருப்பவர்களுக்கு: இரண்டும் இந்தக் கதையில் வராது. இதோ, இந்த அடைப்புக்குறிக்குள் வந்ததோடு சரி.)

2

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

முதல் ஆரம்பம்: "1997ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ராஜபாளையத்தின் ஒரு கல்யாண மண்டபத்தில், வீட்டு உபயோக எலக்ட்ரானிக்ஸ் பொருட்களின் மாபெரும் கண்காட்சி..." நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு வரி எழுதினால் 'அனைவரும் வருக' என்று முடியும். அடித்துவிட்டேன். ஆனால் தகவல் சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆரம்பம்: "மல்லிகை மணக்க, புடவைத் தலைப்பு காற்றில் அலைய, வஞ்சுளவல்லி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மேற்கே மலைமேல் மேகங்கள்..." பொய். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற எவருக்கும் மணப்பது டீசல். தலைப்பை அவள் பின் குத்தியிருந்தாள்; வேலைக்கு வருகிற பெண் அதை எதற்காக அலையவிடுகிறாள்? எனக்குள் ஒரு பழைய காலண்டர் ஓவியர் இருக்கிறார். அவரை அடிக்கடி வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஆரம்பம் இது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

"ஊருக்குக் கேக்காத பாட்டு எதுக்கு?" என்று கேட்டார் சங்கிலிப்பாண்டி.

இது அவருடைய கொள்கை. சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்தில் ரேடியோ செட் போடுகிறவர். இந்தப் பக்கத்தில் ரேடியோ செட் என்றால் ரேடியோ அல்ல. கல்யாணம், சடங்கு, கோயில் விசேஷம் என்று எது வந்தாலும் மொட்டைமாடியிலும் வேப்பமரத்திலும் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கிகள். கட்டுவதில் ஒரே ஒரு விதி உண்டு: குழாயின் வாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. விசேஷம் என்பது வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியவேண்டியது ஊருக்கு. பந்தலுக்குள் சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டு சரியாகக் கேட்காவிட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நாலு தெரு தள்ளி இருப்பவர் "என்னய்யா கல்யாணம், சத்தத்தையே காணோம்" என்று கேட்டுவிட்டால்தான் மானக்கேடு.

இப்படிப்பட்டவரிடம் ஹோம் தியேட்டரை மாட்டச் சொன்னார்கள்.

ஹோம் தியேட்டர் என்பது அப்போது இந்தப் பக்கத்துக்குப் புதுசு. பெரிய டி.வி., வி.சி.டி. பிளேயர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகள், அதிர்வுக்கென்று தனியாகக் கனத்த பெட்டி ஒன்று. நடுவில் ஒரு நாற்காலி. ஐந்து பெட்டிகளும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்தவருக்கு மழை பின்னாலும் பேச்சு முன்னாலும் ரயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடுவதாகவும் கேட்கும். மதுரைக் கம்பெனி ஒன்று இதைக் கொண்டுவந்தது. மண்டபத்தின் நடுவில் கம்பு நட்டு, துணி கட்டி, 'டெமோ ஹால்' என்று போர்டு எழுதி ஒரு சதுர அறை செய்தார்கள். அதைச் சுற்றிலும் ஆள் நடக்க இடம். அப்புறம் மிக்ஸிக் கடை, வாஷிங் மெஷின் கடை, வாக்மேன் கடை, டெல்லி அப்பளக் கடை. (டெல்லி அப்பளத்துக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எந்தப் பொருட்காட்சியிலும் அது உண்டு.)

கம்பெனியின் சார்பில் அந்த ஹாலைப் பார்த்துக்கொள்ள வந்தவள் வஞ்சுளவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கண்காட்சிக்கு முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து சங்கிலிப்பாண்டியின் கடைக்குப் பேசினாள்.

"அண்ணா, அஞ்சு ஸ்பீக்கரும் வந்து இறங்கிடுத்தோல்லியோ? காலம்பற நான் வரதுக்குள்ள கட்டி வெச்சுடுங்கோ. ஆளைச் சுத்தி வெக்கணும். ஆளைச் சுத்தி. புரிஞ்சுதா?"

பூத்துக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பக்கம் சங்கிலிப்பாண்டியின் வாய் நிறைய வெற்றிலை. அவருக்கு 'ஹ' எப்போதுமே வராது. வெற்றிலை இருக்கும்போது 'ள'வும் வராது.

"ஆலைச் சுத்தித்தான தாயி? சோலியை முடிச்சிருவோம்" என்றார்.

முடித்துவிட்டார். டெமோ ஹாலின் நாலு பக்கமும், கம்புகளில், வாய் வெளியே பார்த்தபடி ஐந்து பெட்டிகள். கனத்த பெட்டிக்குக் குழாயும் இல்லை, வாயும் தெரியவில்லை. அதை உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மாதிரிப் போட்டுவிட்டார். பந்தல்காரர் வந்து கம்புகளின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஜிகினா வைத்த துணியைக் கட்டிவிட்டுப் போனார்.

4

இங்கே ஒரு வாசகர் கையைத் தூக்குகிறார். எனக்குத் தெரியும், எல்லாக் கதையிலும் இவர் வருவார். "சார், படித்த பெண் என்கிறீர்கள். காலையில் வந்து பார்த்தபோது அவளுக்குத் தெரியவில்லையா?"

தெரியவில்லை. பெட்டிகள் இரண்டு துணிகளுக்கு நடுவே இருந்தன. உள்ளேயிருந்து பார்த்தால் துணி புடைத்திருப்பதுதான் தெரியும்.

"சரி, போட்டுக் கேட்டிருப்பாளே? நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை கேட்டால் கோளாறு தெரிந்துவிடாதா?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் சில நாள் எழுதாமல் இருந்தேன். ஸ்பீக்கர் வெளியே பார்த்தால்தான் கதை. அவள் கண்டுபிடித்துவிட்டால் கதை இல்லை. கடைசியில் ஒரு காரியம் செய்தேன். அவளுடைய இடது காதை எடுத்துக்கொண்டேன்.

'வஞ்சுளவல்லிக்கு இடது காது பிறவியிலிருந்தே கேட்காது' என்று ஒரு வரி எழுதினேன். ஓட்டை அடைபட்டது. ஒற்றைக் காதால் கேட்கிறவர்களுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் சரியாகப் பிடிபடாது. எனவே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டபோது, எப்போதும் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது. கொஞ்சம் மந்தமாக இருந்தது. வால்யூமைக் கூட்டிவைத்தாள். அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காது குத்துவதற்குக்கூட நாள் பார்த்து, ஊரைக் கூப்பிட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துகிறார்கள். நான் ஒரு பெண்ணின் காதையே ஒரு வரியில் பிடுங்கிக்கொண்டேன், கதை நொண்டாமல் நடக்கவேண்டும் என்பதற்காக.

அந்த ஒரு வரி சும்மா கிடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கொண்டுபோய் வகுப்பின் இடது ஓரத்தில் உட்காரவைத்தது, எல்லோரும் வலது பக்கம் இருக்கும்படி. பஸ்ஸில் இடது ஜன்னலோரம் பிடிக்கவைத்தது. ரதவீதியில் யாராவது "வஞ்சுளா!" என்று கூப்பிட்டால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். சிநேகிதிகள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். ஓர் அலுவலக வேலைக்கு எல்லாத் தேர்விலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் தோற்று வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டினாள். அதுதான் அவள் சுபாவம்.

மதுரைக் கம்பெனியில் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. பயிற்சியில் டிஸ்க்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரயில் எங்கே, மழை எங்கே என்று கைகாட்டச் சொன்னார்கள். இவள் கடைசியாக உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்தவர்கள் எங்கெங்கே கைகாட்டினார்கள் என்று பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். ஒரு தப்பும் இல்லாமல் காட்டினாள்.

இப்போது கம்பெனி ராஜபாளையத்தில் ஒரு ஷோரூம் திறக்கப்போகிறது. கண்காட்சி நன்றாக நடந்தால் அதற்குப் பொறுப்பாளி வஞ்சுளவல்லி. காது விஷயம் தெரிந்துவிட்டால், ஒலியை விற்கிற கடைக்கு இப்படி ஒருத்தியா என்று ஒதுக்கிவிடுவார்கள். இதற்கு முன்னால் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வேலை அவளுக்கு வேண்டும். கடமைக்கு அல்ல, ஆசையாக வேண்டும். அந்த மிஷின்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

ஓட்டை அடைக்க எழுதிய வரி இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இனி சிரிப்புக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆனாலும் சிரிப்பும் இருக்கிறது. வாருங்கள்.

5

முதல் நாள் காலை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், "நல்லாருக்குமா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர் ஸ்டூல் என்று நினைத்து அந்தக் கனத்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அதிர்வு ஏறியதும், "முதுகுவலிக்கு நல்லாத்தான் இருக்கு, இது மட்டும் தனியாக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

ஹாலுக்கு வெளியே, பின்பக்கத் துணியை ஒட்டி நின்று டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருந்தவர் ஐயாதுரை. கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. மிக்ஸி வாங்க வந்தவர். திடீரென்று அப்பளத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்தார்.

"ஏலே, வெளிய வெயிலு கொளுத்துது, இங்க மட்டும் மழை பெய்யுது!"

பக்கத்தில் நின்ற தெலுங்கு வீட்டு அம்மா ஒருவர் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஏமண்டி, இக்கட ரண்டி! இக்கட வான!"

தெலுங்கில் வான என்றால் மழை. தெலுங்கு தெரியாதவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மண்டபத்தில் வானம் ஏது? ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இடது பக்கம் நின்றவர்கள், "இங்க மழை இல்லையே, மணியில்ல அடிக்குது" என்றார்கள். வாசல் பக்கம் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். மழையில் நின்றவர்கள் மணி கேட்கப் போனார்கள், மணியில் நின்றவர்கள் மழை கேட்க வந்தார்கள். ஒரே நெரிசல்.

அப்போது ரயில் கிளம்பியது.

நாற்காலியில் இருப்பவரின் தலையைச் சுற்றி ஓடவேண்டிய ரயில். இப்போது ஹாலைச் சுற்றி ஓடியது. ஒரு பெட்டியில் சத்தம் தேய்ந்து அடுத்த பெட்டியில் ஏறியது. ஐயாதுரை அப்பளத்தோடு அதன் பின்னாலேயே நடந்தார். அவர் பின்னால் தெலுங்கு வீட்டுக்காரர்கள். அவர்கள் பின்னால் மிக்ஸிக் கடைக் கூட்டம் முழுவதும். (ரயில் எந்தப் பக்கமாக ஓடவேண்டும் என்பது என் கையில் இருந்தது. வலமாக ஓடவிட்டேன். இடமாக ஓடியிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட அதோடு நடந்திருக்க மாட்டார்கள்.)

ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றில், கடைசியாக வந்து சேர்ந்த சுடலையம்மாள் என்ற பெண், கூட்டம் வலம் போவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நடந்தாள். பிறகு வந்தவர்கள் செருப்பைப் பார்த்துத் தங்கள் செருப்பையும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் டெமோ ஹாலின் வாசலில் ஒரு செருப்புக் குவியல்.

உள்ளே நாற்காலி காலியாக இருந்தது.

6

ஆள் வராததற்குக் காரணம் தெரியாமல் வஞ்சுளவல்லி வெளியே எட்டிப்பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் "நில்லாதீங்கம்மா, நடங்க, நடங்க, ரயிலு போயிரும்" என்றார். நடந்தாள்.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு நாலு தடவை ஆயிற்று. 'அவள் உடல் சிலிர்த்தது' என்பது முதல் தடவை. 'இசையின் கடலில்' என்பது இரண்டாவது. அதை யாரிடமும் காட்டவில்லை. மூன்றாவது தடவை எழுதியதும் இரண்டாவது மாதிரிதான். இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கம் போனால் மழை கேட்டது. தாண்டினால் மழை போய்விட்டது. திரும்பி வந்தால் மறுபடி மழை. மழைக்கு ஓர் இடம் இருந்தது. மணிக்கு வேறோர் இடம். ரயில் அவள் கூடவே வந்து, அவளைத் தாண்டி, முன்னால் போனது. அவள் வேகமாக நடந்து அதைப் பிடித்தாள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு காதால் இதைத்தான் கேட்கிறார்கள் போலும் என்று முதல்முறையாகப் புரிந்தது. மனப்பாடம் செய்து கைகாட்டிய ரயில் அப்போது வெறும் பாடம், இது ரயில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று போனாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை இந்தக் கதையில் வேறெங்கும் என்னால் எழுத முடியவில்லை.

சுற்று முடிந்ததும் படிப்பு ஞாபகம் வந்தது. ரயில் எப்படி வெளியே ஓடும்? துணியைத் தூக்கினாள். ஸ்பீக்கர் அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து வைத்திருந்தது.

சங்கிலிப்பாண்டி மிக்ஸிக் கடை ஓரமாக நின்று, தன்னுடைய கைவரிசையைச் சுற்றிவருகிற கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதை இப்படி வெக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான தாயி! போன்ல சொன்னிய, ஆலைச் சுத்தி வெக்கணும்னு."

"ஆளைச் சுத்தின்னு சொன்னேன்!"

"அதத்தான நானுஞ் சொல்லுதேன். ஆலைச் சுத்தி."

"ஹால் இல்லேண்ணா, ஆள், ஆள்! மனுஷா!"

சங்கிலிப்பாண்டி ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்போதுதான் 'ள' வந்தது. "ஒத்த ஆளுக்கா? ஒத்த ஆளு ஒக்காந்து கேக்க அஞ்சு ஸ்பீக்கரா? அவரு என்ன சாமியா?"

"ஹோம் தியேட்டர்னா அதான்."

"நல்ல தியேட்டர்! செத்த அங்க பாருங்க தாயி, எம்புட்டுச் சனம். அவிய முகத்தப் பாருங்க. இதப் போயித் திருப்பணுமா?"

அவள் பார்த்தாள். திருப்ப மனசு வரவில்லை. அன்றைக்கும் மறுநாளும் ஸ்பீக்கர்கள் வெளியேதான் பார்த்தன. ஊரே வந்து சுற்றிவிட்டுப் போனது.

7

(இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதிவைத்திருந்தேன்: வீட்டை நோக்கித் திரும்பிய ஒலி, ஊரை நோக்கித் திரும்பிய ஒலி, கதை எழுதுகிறவனின் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்றெல்லாம். அறிவு சொட்டியது. ஐயாதுரை இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அப்பளம் தின்னப் போயிருப்பார். எடுத்துவிட்டேன்.)

கடைசி நாளுக்கு முன்தினம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுநாள் மதுரையிலிருந்து வேங்கடேசன் வருகிறார். ஷோரூம் யாருக்கு என்று முடிவு சொல்பவர் அவர்தான்.

எழுதும் எனக்கு ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவைக்கத்தான் ஆசை. வேங்கடேசனும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று வந்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும்! வஞ்சுளவல்லி ஒப்புக்கொள்ளவில்லை. தப்பாகக் கட்டியதை வைத்து வேலை வாங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சரியாக வைத்து, சரியாகக் காட்டி, அந்த நாற்காலியை வைத்தே வேலையை வாங்கவேண்டும் என்றாள். பழைய டிஸ்க்தானே, எல்லாம் மனப்பாடம் என்ற தைரியமும் கொஞ்சம் இருந்தது.

சங்கிலிப்பாண்டி காலையில் வந்து ஐந்து பெட்டிகளையும் ஆளைப் பார்க்கத் திருப்பினார். உள்துணியையும் அவிழ்த்துச் சுருட்டினார். திருப்பும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

8

வேங்கடேசனை வில்லனாக்க முயன்றேன். 'தங்கப் பிரேம் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய குளிர்ந்த கண்கள்' என்று எழுதினேன். கண்ணாடியில் மண்டபத்துப் புழுக்கம் படிந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கீங்கம்மா, மதுரை வரைக்கும் பேச்சு" என்றார். நல்ல மனுஷர். வில்லனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய டிஸ்க் ஓடியது. வஞ்சுளவல்லி கைகாட்டினாள்: மழை, மணி, ரயில். ஒரு பிசகு இல்லை. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஐயாதுரையும் இருந்தார், மிக்ஸி வாங்குகிற சாக்கில் இன்னும் வாங்காமல் தினமும் வந்துகொண்டிருந்தார்.

"பிரமாதம்" என்றார் வேங்கடேசன். பிறகு பையைத் திறந்தார். "புது டிஸ்க் ஒண்ணு வந்திருக்கு. திரை இருட்டா இருக்கும். ஒரே ஒரு பறவை, அங்கங்க உக்காந்து கூவும். எங்க கூவுதுன்னு கஸ்டமருக்கு நாம கைகாட்டணும். ஷோரூம் திறக்கிற அன்னிக்கு இதைத்தான் போடப்போறோம். நீங்க உக்காருங்க. முதல்ல நீங்க காட்டுங்க."

அவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். திரை இருண்டது.

பறவை கூவியது.

9

அவள் கை பாதி தூக்கியபடி நிற்கிறது. நான் எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

ஒன்று: குருட்டாம்போக்கில் ஒரு பக்கம் காட்டுகிறாள், சரியாக இருக்கிறது. வேலை கிடைக்கிறது. கிடைக்கட்டும், ஆனால் அடுத்த கூவலுக்கு என்ன செய்வாள்? ஷோரூம் திறக்கிற அன்றைக்கு?

இரண்டு: வாசலில் நிற்கிற சங்கிலிப்பாண்டி கண்ணால் ஜாடை காட்டுகிறார். ஆனால் அவருக்கு அவள் காதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நானாகப் போய் அவர் காதில் ஓதினால்தான் உண்டு. காதில் ஓதிக் கதையை முடிப்பது எனக்கே கேவலமாக இருந்தது.

மூன்று: "சார், உக்காந்து கேக்கறது உங்க ஊர் வழக்கம், எங்க ஊர்ல நடந்துதான் கேப்போம்" என்று அவள் எழுந்து நடக்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். நல்ல வசனம். அதுதான் குறை. அது என் வசனம். அவளுக்கு அப்படிச் சாமர்த்தியம் காட்டவேண்டும் என்று இல்லை.

நான்காவதை அடிக்கவில்லை. அது நடந்தது.

அவள் கையை இறக்கினாள். எழுந்தாள்.

"சார், எனக்கு இடது காது கேக்காது. பிறவியிலேர்ந்தே. பழைய டிஸ்க் எனக்கு மனப்பாடம், அதனாலதான் கைகாட்ட முடிஞ்சுது. இந்தப் பறவை எங்கேர்ந்து கூவறதுன்னு உக்காந்திருந்தா எனக்குத் தெரியாது. நடந்து பாத்தா தெரியும். அது முந்தாநாள் வரைக்கும் எனக்கே தெரியாம இருந்துது. இந்த ரெண்டு நாள்லதான் கண்டுபிடிச்சேன்."

பறவை இன்னும் எங்கேயோ கூவிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லி வந்துட்டேன்னு நீங்க நெனைக்கலாம். நீங்க கேக்கலை, நான் சொல்லலை. ஆனா இந்த மிஷின் ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி சார். ரிப்பேர்னா நானே திறந்து பாத்துடுவேன். இந்த வேலை எனக்கு வேணும்."

ஏன் சொன்னாள் என்று அந்தக் கை தூக்கும் வாசகர் கேட்பார். மணிக்கும் மழைக்கும் ஓர் இடம் உண்டு என்று நடந்து தெரிந்துகொண்ட பிறகு, பறவை இருக்கிற இடத்தைச் சும்மா ஊகித்துக் காட்ட அவளுக்குக் கை வரவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான்.

10

இனி வேங்கடேசன் பதில் சொல்லவேண்டும்.

"பரவாயில்லைம்மா, வேலை உனக்குத்தான்" என்று எழுதினேன். அவளுடைய காதை எடுத்தவன் நான். வேலையைக் கொடுத்து அதற்கு ஈடுகட்டப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அடித்தேன். "யோசிச்சுச் சொல்லி அனுப்பறேம்மா" என்று எழுதினேன். அலுவலகங்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதையும் அடித்தேன்.

ஆகவே வேங்கடேசனை டீ குடிக்க அனுப்பிவிட்டேன். சங்கிலிப்பாண்டி அவரை அழைத்துக்கொண்டு போகிறார். போகிற வழியெல்லாம் குழாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று அவருக்குப் பாடம் நடக்கும். கூட்டம் அப்படியே நிற்கிறது. ஐயாதுரை அப்பளத்தைக் கடிக்காமல் கையில் வைத்திருக்கிறார்.

நாற்காலி காலி. ஐந்து ஸ்பீக்கரும் அதைத்தான் பார்க்கின்றன. வந்து உட்காருங்கள். ஆம், நீங்கள்தான். ஷோரூம் யாருக்கு என்று சொல்லவேண்டியவர் இப்போது நீங்கள். ஒற்றை ஆளுக்கு இவ்வளவா என்று தயங்க வேண்டாம். நான் சொன்னால் அது கதையாகத்தான் இருக்கும். இவளை மாதிரி ஒருத்தி உங்கள் கடைக்கோ ஆபீசுக்கோ வந்து நின்றால் நீங்கள் சொல்லப்போவதுதான் நிஜம்.

அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சரி என்பதானாலும் இல்லை என்பதானாலும், அங்கே உட்கார்ந்தபடி சொல்லாதீர்கள். எழுந்துபோய் அவளுக்கு வலது பக்கம் நின்று சொல்லுங்கள்.